இடுப்பு நாற்பத்தாறு

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரெடிமேட் கடையில், குழந்தைகளின் கவுனும் பெண்களின் நைட்டியும் விற்கத்தான் என்னை எடுத்தார்கள். கீழ்த்தளம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். மாடி ஆண்களுக்கு. மாடியில் விற்பவர்களும் ஆண்கள்தான். ஒரு பெண் அந்தப் படியில் ஏறினால், புருஷனுக்குச் சட்டை நிறம் பார்க்க வந்தவளாக இருப்பாள், இல்லையென்றால் பெருக்க வந்தவளாக இருப்பாள். நான் அளவு டேப்போடு ஏறினேன். ஏறிய பிறகு பதினோரு வருஷம் இறங்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராக இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் பேன்ட்டுகளை மேஜைமேல் பரப்பி இடுப்பு, பின்பக்கச் சீட்டு, தொடை, நீளம் என்று ஒவ்வொன்றாக அளப்பது என் வேலை. கால் அங்குலம் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம். அரை அங்குலம் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தையலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பெயரும் முகமும் தெரியாத ஒருவன் எங்கோ கடல் தாண்டி அதை மாட்டிக்கொள்ளப் போகிறான், அவனுக்கு அரை அங்குலம் உறுத்தக் கூடாது. அதற்காக நாங்கள் நாற்பது பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே அளந்தோம். பிறகு கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எங்களை மாற்றவில்லை.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். ஆவடி போய் அங்கிருந்து இன்னொரு பஸ். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அதிர்ந்து பேசாத மனுஷர். பஜாரில் தன்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குப் பயம்.

மாடியில் மூன்று பேர் விற்றார்கள். அதில் மூத்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சு சாமர்த்தியம். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவேன் என்பார். சொல்லுவார், தப்பாகச் சொல்லுவார். எடுத்துக் கொடுத்த பேன்ட் இறுக்கமாக இருந்தால், "போடப் போட லூஸாயிடும்" என்பார். தொளதொளவென்று இருந்தால், "ஒரு தண்ணி தொவைச்சா சுருங்கிடும்" என்பார். ஒரே கம்பெனி, ஒரே துணி. காலையில் ஒருவருக்கு லூஸாகும், மாலையில் இன்னொருவருக்குச் சுருங்கும். கீழே கவுன்களை மடித்துக்கொண்டே அதைக் கேட்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டுப் பார்க்க அங்கே அறை கிடையாது. பேன்ட்டின் இடுப்பைக் கழுத்தில் சுற்றிப் பார்ப்பார்கள். இரண்டு முனையும் பிடரியில் முட்டினால் சரியான அளவு என்று கணக்கு. மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்து எருது மாதிரி இருக்கும், இடுப்பு ஒட்டிக் கிடக்கும். அவனுக்கு இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்? யாரும் கேட்கவில்லை. வாங்குகிறவர்களும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ரவிக்கையில் ஒரு சுருக்கம் விழுந்தால் பெண்கள் மூன்று முறை டெய்லரிடம் நடப்பார்கள். ஆண்கள் கொடுத்ததை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தன் உடம்புக்கு ஒரு அளவு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம் என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, நசரத்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். ரொம்பப் பெரிய ஆள். லுங்கி, மேலே டெய்லர் தைத்த முழுக்கைச் சட்டை. அவர் ஏறும்போது மரப்படி முனகியது. சற்று நேரத்தில் மாடியிலிருந்து மூத்தவரின் குரல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

"அண்ணாத்தே, உன் சைஸு ரெடிமேட்ல எந்த ஊர்லயும் கிடையாது. பந்தல் போடறவன்கிட்ட போய்க் கேளு. சாமியானாவ மடிச்சுத் தெச்சுக் குடுப்பான்."

மாடி முழுக்கச் சிரித்தது. அந்தப் பெரிய ஆளும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தார். படி வளையும் இடத்தில், மாடியிலிருக்கிறவர்களுக்கு இனி முகம் தெரியாது என்ற இடத்தில், அந்தச் சிரிப்பு நின்றது. கீழே இருந்த நான் மட்டும் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணே, நில்லுங்க" என்றேன். "இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. பேன்ட்டு. இங்க இல்லியாம்."

"உங்க இடுப்பு எவ்ளோ?"

"யாருக்கும்மா தெரியும்? பாத்தவொடனே இல்லைன்றானுங்க. அளந்து பாத்துட்டு ஒருத்தனும் இல்லைனு சொன்னதில்ல."

அவர் இத்தனை நாள் லாரி ஓட்டியவர். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பேன்ட் போட்டுக்கொண்டு வந்தால்தான் வண்டிச் சாவி கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். டெய்லரிடம் போனால் தீபாவளி நெருக்கடி, பதினைந்து நாள் ஆகும் என்கிறானாம். லாரியில் லுங்கியோடே வாழ்க்கையை ஓட்டிவிட்டதால் வீட்டில் ஒரு பேன்ட்டும் இல்லை.

என் கைப்பையில் கம்பெனிக் காலத்து டேப் ஒன்று எப்போதும் கிடக்கும். எடுத்தேன்.

"கைய தூக்குங்கண்ணே."

அவர் தயங்கினார். கடையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். வாசலில் ஆள் நடமாட்டம். ஒரு நொடி எனக்கும் கை நின்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு கோபம் வந்தது. முகம் தெரியாதவனுக்காக ஆறு வருஷம் அரை அங்குலத்துக்கு அடித்துக்கொண்டவள் நான். முகம் தெரிகிற ஒருவர் எதிரில் நிற்கிறார், இவரை அளக்க எனக்கு என்ன வெட்கம்?

என் கை சுற்றி எட்டவில்லை. "இந்த முனையப் பிடிச்சுக்குங்க" என்று ஒரு முனையை அவரிடமே கொடுத்து, சுற்றி நடந்து வந்து மறுமுனையைச் சேர்த்தேன்.

"நாப்பத்தாறு" என்றேன். வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். "முப்பத்திரெண்டு ஒரு நம்பர். நாப்பத்தாறும் ஒரு நம்பர். அவ்ளோதான்."

கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கழித்துவிட்ட துணிகளைப் பாய் மொத்தமாக வாங்குவார். நம் ஊரில் ஓடுகிற அளவுகளை மாடிக்கு எடுத்துப்போய்விட்டு, மற்றதை மூட்டை கட்டிக் குடோனில் போட்டு வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த மூட்டைகளை என்னைத்தான் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அதில் என்ன கிடக்கிறது என்று அந்தக் கடையில் எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. போய்த் தோண்டினேன். நீலத்தில் ஒன்று, காக்கி மாதிரி பழுப்பில் ஒன்று, இரண்டும் நாற்பத்தாறு. பாக்கெட் ஓரத்தில் தையல் அரை அங்குலம் கோணல், அதற்காகக் கழித்திருந்தார்கள். நீளம்தான் ரொம்ப அதிகம்.

"குடோன்ல போய்ப் போட்டுகினு வாங்க. நான் வெளில நிக்கிறேன்."

நீலத்தைப் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கால் துணி தரையில் புரண்டது. குனிந்து இரண்டு காலையும் மடித்துவிட்டேன். அவர் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டார். எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"கை உள்ள போவுதும்மா" என்றார். "கல்யாணத்துக்கு ஒண்ணு தெச்சேன். அதுல விரல் கூட போவாது."

"அந்த மூட்டை மேல உக்காருங்க. வண்டி ஓட்டற மாதிரி. கிளட்ச்ச மிதிங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்து இடது காலை நீட்டி மிதித்தார். எங்கும் பிடிக்கவில்லை, தையல் இழுக்கவில்லை. இன்னொரு தரம் மிதித்தார்.

"இத யாருக்கும்மா தெச்சாங்க?"

"உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான். ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்லண்ணே, கட்டுக் கட்டா தெச்சு அனுப்புவோம். நாப்பத்தாறு, நாப்பத்தெட்டு, அம்பது. நானே இந்தக் கையால பாத்து அனுப்பிகீறேன்."

அவர் தொடைமேல் துணியை ஒரு தரம் நீவினார். பிறகு, "அப்போ நான் மட்டும் இல்ல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் மூன்று பேரும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பாய் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏம்மா, நல்ல காரியம்தான் பண்ணே. இல்லேங்கல. ஆனா இந்த டேப்பு வாணாம்."

"டேப்பு இல்லாம எப்டி பாய் அளவு தெரியும்?"

"பஜாரே பாத்துகினு கீதும்மா. பொம்பளை ஆம்பளைக்கு டேப்பு புடிச்சான்னு நாலு பேர் நாலு விதமா பேசுவான்."

"அந்த நாலு பேரும் போட்டுகினு கீற பேன்ட்டு ஒண்ணும் அவங்க அளவு இல்ல பாய். நானும் பாத்துகினுதான் கீறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி அடக்கிக்கொண்டார். ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை. நான் பாப்பா செக்ஷன். டேப்பைத் தொடக் கூடாது.

சரி என்று தலையாட்டவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. வந்து கவுன் மடித்தேன்.

பத்து நாள் கழித்து அந்த டிரைவர் மறுபடியும் வந்தார், நீல பேன்ட்டோடு. அவர் வண்டியில் தினமும் ஏறுகிற இருவரைக் கூட்டி வந்திருந்தார். ஒருவர் பாடியில் குடியிருப்பவர், பிரஸ் மிஷினில் வலது கை மணிக்கட்டுக்கு மேலேயே போய்விட்டது. எந்த முழுக்கைச் சட்டை வாங்கினாலும் ஒரு கை தொங்கும், அதைச் சுருட்டிப் பின் குத்திக்கொண்டு வேலைக்குப் போவார். இன்னொருவர் ஒல்லி, ஆறடிக்கு மேல். எந்த பேன்ட்டும் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். எஸ்டேட் வாசலில் நுழையும்போதே, ரோட்டுல தண்ணி நிக்குதா மாமே என்று கேட்டுச் சிரிப்பார்களாம்.

மூவரும் குழந்தைக் கவுன்களுக்கு நடுவில் வந்து நின்றார்கள். "இந்த அக்காதான்" என்றார் டிரைவர்.

டேப்பைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. நான் டேப்பை டிரைவரிடம் கொடுத்து, கை போனவரின் தோளில் போடச் சொன்னேன். "நீங்க புடிங்க. நம்பர நான் படிக்கிறேன்" என்றேன். பாய் கல்லாவிலிருந்து பார்த்தார். உத்தரவை மீறியதாகவும் சொல்ல முடியாது, மீறவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சட்டையின் வலது கையை, எங்கள் கடை வாசலில் மிஷின் போட்டிருந்த ஆல்ட்டர் டெய்லரிடம் கொடுத்து அளவுக்கு வெட்டி, கஃப்பை மறுபடி வைத்துத் தைக்கச் சொன்னேன். பட்டன் வேண்டாம், அமுக்கினால் மூடும் பிரஸ் பட்டன் வையுங்கள் என்றேன். இடது கையின் கஃப்புக்கும் அதையே வைக்கச் சொன்னேன், அந்தக் கைக்குப் பட்டன் போட இன்னொரு கை வேண்டுமே. அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, இடது மணிக்கட்டைத் தொடையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். டக்கென்று மூடியது. "காலைல என் பொண்டாட்டிய எழுப்ப வாணாம்" என்றார்.

ஒல்லியானவருக்குக் குடோனில் கிடந்த நீளமான பேன்ட் ஒன்று மடிக்காமலே சரியாக இருந்தது. அப்படியே ஆள் வர ஆரம்பித்தார்கள். ஆவடியிலிருந்து, பாடியிலிருந்து. ஒரு கால் சூம்பினவர், கூன் விழுந்தவர், தொப்பைக்குக் கீழே பேன்ட் நிற்காதவர். எல்லோரும் நேரே கீழ்த்தளத்துக்கு வந்து, "அந்த அக்கா எங்க?" என்று கேட்டார்கள். மாடியில் இது பொறுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ஒருவருக்கு நான் நம்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் படியில் பாதி இறங்கி வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஆம்பளை இடுப்ப அளக்க அவ்ளோ ஆசைனா அதுக்கு வேற தொழில் கீதும்மா. துணிக்கடை எதுக்கு?"

கடை அப்படியே நின்றது. அழுதுவிடுவேன் என்று எல்லோரும் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணே, நீங்க போட்டுகினு கீற பேன்ட்டு முப்பத்திநாலு. உங்க இடுப்பு முப்பத்தெட்டு. மேல் கொக்கிய மாட்டாம பெல்ட்டால இழுத்துப் புடிச்சுகினு நிக்கிறீங்க. சட்டைய வெளில விட்டு மறைக்கிறீங்க. சொந்த இடுப்பே எவ்ளோனு தெரியல, ஊர் இடுப்புக்கு அளவு சொல்ல வந்துட்டீங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் கை தானாகச் சட்டை நுனிக்குப் போனது. திரும்பி மேலே ஏறினார்.

அன்று பேசியதில் எதையும் நான் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை, ஒன்றைத் தவிர. அவர் ஏறும்போது முதுகைப் பார்த்தேன். சட்டையைக் கீழே கீழே இழுத்துவிட்டுக்கொண்டே போனார். நசரத்பேட்டைக்காரருக்கு அவர் செய்ததை நான் அவருக்குச் செய்திருந்தேன். அவர் வாய்க்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவர் வயிற்றை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்ட உரிமை இல்லை. அடுத்த வாரம் முப்பத்தெட்டில் ஒரு நல்ல சாம்பல் நிற பேன்ட்டைப் பேப்பரில் சுற்றி அவர் ஸ்டூலில் வைத்தேன். நான்கு நாள் தொடாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் காணவில்லை. அதை அவர் கடைக்குப் போட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் போட்டாரா, யாருக்காவது கொடுத்தாரா, தெரியாது.

சனிக்கிழமை நடந்தது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலேயே மாதா கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. என் புருஷனுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. கோயிலில் யாரோ அவர் தோளைத் தட்டி, உன் ஊட்டுக்காரி ஆம்பளைங்களுக்கு டேப்பு புடிக்கிறாளாமே என்று கேட்டிருக்கிறார்கள். வீடு வரைக்கும் பேசாமல் நடந்தார். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார்.

"நாளைலேர்ந்து வேலைக்குப் போவாத."

"போவேன்."

"ஊரே சிரிக்குது."

"போன வருஷம் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணாங்களே, எத்தினி நர்ஸம்மா தொட்டாங்க? கதவாண்ட நின்னுகினு நான் எண்ணினேனா?"

"அது வைத்தியம்டி."

"இது துணி. அதுவும் ஒடம்புக்குத்தான்."

"உனக்கு இன்னா தலையெழுத்து? பாப்பா கவுனு விக்கச் சொன்னா வித்துட்டு வர வேண்டியதுதானே?"

"பாப்பா கவுனு விக்க யாரும் போதும். இத நான்தான் செய்யணும். எனக்குத் தெரிஞ்ச வேல இது. ஆறு வருஷம் கத்துகினேன்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆக்கி வைத்ததைச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், போவார். பிறகு முதல் தடவை வாய் திறந்தபோது சொன்னது இதுதான்: "அந்த டேப்ப ஊட்டுக்கு எடுத்தாராத." அன்று முதல் அதைக் கைப்பையில் வைக்காமல், வீட்டுச் சாவி மாட்டும் ஆணியில் அவர் கண்ணில் படுகிற மாதிரித் தொங்கவிட்டேன். காலையில் சாவி எடுக்க டேப்பைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். தள்ளித் தள்ளி எடுத்தார். என்னை அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். சண்டை அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். போகாதே என்று சொன்ன மறுநாள். ஆவடியில் பஸ் மாறும்போதே முடிவு செய்துவிட்டேன். கடைக்குள் நுழைந்து செருப்பை விட்டு, கவுன் அலமாரிப் பக்கம் திரும்பாமல் நேரே மாடி ஏறினேன். பேன்ட் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நின்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள், பிறகு அதை மீறியதாகும். கேட்காமல் நின்றால் அவர்கள்தான் என்னைக் கீழே இறக்க வேண்டும். கையைப் பிடித்து இறக்கட்டும் பார்க்கலாம் என்று நின்றேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் பாய் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம்.

"இன்னாம்மா இது?"

"கீழ எடம் பத்தல பாய். கவுனு வாங்க வர்ற பொம்பளைங்களுக்கு எடஞ்சலா கீது. ஆம்பளைங்கள இங்கியே பாத்துக்கறேன்."

அவர் வழுக்கையைத் தடவினார். என்னென்னவோ சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. கடைசியில், "போட்டுப் பாக்கறதுக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார்.

அதற்கும் பதில் வைத்திருந்தேன். மூலையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினேன். மத்தியானத்துக்குள் பெட்டிகளை நானே குடோனுக்கு இறக்கி, கடையிலிருந்தே ஒரு கட்டில் விரிப்பை எடுத்துக் கயிற்றில் கோத்துத் திரை கட்டினேன். பொங்கலுக்குள் பாய் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினார். தான் செய்ததாக யாரிடமும் சொல்லவில்லை. பஜாரில் கேட்டவர்களிடம், "அவ கம்பெனில படிச்சுகினு வந்தவ" என்று மட்டும் சொன்னாராம். கம்பெனியில் நின்றேன், படிக்கவில்லை. இருக்கட்டும்.

மாடியில் எனக்கென்று சில பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். "நீங்க குண்டு" என்று என் வாயில் வராது. "இந்தச் சட்டை பத்தல" என்பேன். குறை சட்டையில்தான் இருக்கும், ஆளில் இருக்காது. பேன்ட் போட்டவரை நிற்க வைத்து மட்டும் பார்க்க மாட்டேன். உட்காரச் சொல்வேன், குந்தச் சொல்வேன். சைக்கிள் மிதிக்கிறவர் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும், மேஸ்திரி வேலைக்காரர் கையை மேலே நீட்டிக் காட்ட வேண்டும். வேலை செய்யும்போது இழுத்தால் அது என்ன துணி? முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு தாங்களே கேட்க ஆரம்பித்தார்கள்: இங்க புடிக்குதுக்கா, தொடைல கொஞ்சம் லூஸா ஒண்ணு காட்டு. ஆண்கள் அப்படிக் கேட்டதை அந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டேப்பைப் பார்த்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. வேண்டுமென்றே வந்து, அளக்கச் சொல்லி, இளித்தவர்களும் உண்டு. அப்படி ஒருவனிடம், "ஒனக்கு அளவு பாத்தாச்சு, ஒனக்கேத்தது இங்க இல்ல, கெளம்பு" என்று படியைக் காட்டினேன். அன்று மூத்தவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவன் போனதும் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் வேலை. அந்த அம்மா கடைக்குப் பழைய வாடிக்கை, புருஷனுக்கு எப்போதும் தானே வந்து வாங்கிப் போவார், அவரைக் கூட்டி வந்தது அன்றுதான். நான் டேப்பை எடுத்து அவரிடம் நகர்ந்ததும் அந்த அம்மா குறுக்கே வந்தார்.

"கைய எடு. கட்டினவ நான் இங்க நிக்கிறேன், நீ யாரு அவர அளக்கறதுக்கு?"

பழைய கோபம் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அதுவும் ஒரு பெண். பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் வம்பு இல்லை.

"நான் அளக்கக் கூடாதுன்னா சரி. ஆனா அளக்காம நான் துணி குடுக்க மாட்டேன்" என்று டேப்பை அந்த அம்மாவின் கையில் வைத்தேன். "நீங்களே போடுங்க."

"எவ்ளோனு எனக்குத் தெரியும். முப்பத்திரெண்டு. கல்யாணத்துலேர்ந்து நான்தான் வாங்கறேன்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

அத்தனை பேர் முன்னால் அந்த அம்மா புருஷன் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். புருஷனுக்கு ஒரே கூச்சம், நெளிந்துகொண்டே கூரையைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு நம்பரைத் தேடினார். தேடிப் படித்ததும் சிரிப்பு நின்றது. டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். அதே நம்பர்.

"இருபத்தெட்டு" என்றார் என்னைப் பார்த்து, நான் ஏதோ தப்புச் செய்த மாதிரி.

நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். அவர் போட்டிருந்த பேன்ட், பெல்ட்டுக்குள் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. அதை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னாயா இது? மத்தியானம் சோறு துன்றியா இல்லியா?"

"பட்டறைல ஒரே சூடு. எறங்க மாட்டேன்து."

"அப்போ டப்பா காலியா வருதே, யாரு துன்றது?"

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். நான் அலமாரியிலிருந்து இருபத்தெட்டில் இரண்டு எடுத்து வைத்தேன். அந்த அம்மா டேப்பை இன்னும் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"திரை அந்தப் பக்கம் கீது" என்றேன் புருஷனிடம். "போட்டுகினு வாங்க. வந்து உக்காந்து காட்டணும்."